விஷு மதியத்துக் கலக்கு

"நாலே நாலு நாள் கூடி" என்று சந்தீப் சொன்னது அது மூன்றாம் முறை. முதல் முறை சொன்னபோது ரஹீனா தலையை ஆட்டிவிட்டு வந்தாள். இரண்டாம் முறை அவளோடு வேலை செய்யும் சீனியம்மாள் வரம்பில் காறித் துப்பிவிட்டு வந்தாள். மூன்றாம் முறைதான் ரஹீனாவின் மகள் சுல்ஃபத்தும் கூடப் போனாள். அவளுக்குக் கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். இறக்கி வைக்க ஓர் ஆள் கிடைத்தால் போதும்.

வைப்பின் தீவில் அந்த மூன்று ஏக்கர் வயலின் மூலையில், காவல் குடிசை வாசலில், பிளாஸ்டிக் நாற்காலியைப் பின்னுக்குச் சாய்த்து சந்தீப் உட்கார்ந்திருந்தான். எதிரே வயல் முழுக்க இடுப்பளவுக்கு உப்புத் தண்ணீர். அதற்குள் அவன் வளர்த்த இறால்.

"எதுக்கு சேட்டா நாலு நாள்?"

"செம்மீன் மூத்திட்டில்ல மோளே. இந்தத் தக்கம் கழியட்டே. நான் வெள்ளம் எறக்கித் தரலாம்."

பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் கடல் வேகமாக ஏறி இறங்குகிற நாட்களைத்தான் வைப்பின்காரர்கள் தக்கம் என்பார்கள். மதகைத் திறந்தால் இறால் வலையில் கொட்டுகிற நாட்கள் அவை.

"திங்கக்கிழமை விஷு. உங்க பாட்டக் கடுதாசியில குத்தகை விஷு வரைக்கும்னுதான் எழுதியிருக்கு. செவ்வாக்கிழமை காலையில ஆபீசர் பாக்க வாரார். வயல்ல தண்ணி நின்னா அவர் எதைப் பாப்பார்? உங்க மூஞ்சியையா?"

சந்தீப் சிரித்தான். "தமிழத்திகளுக்கு நெல்லு விதைக்கான் வேற எவிடயும் ஸ்தலம் கிட்டியில்லே?"

"நான் பொறந்தது மட்டாஞ்சேரி, படிச்சது மட்டாஞ்சேரி. மலையாளத்தில ஒரு கேட்டெழுத்து வைப்போம், நீங்களும் எழுதுங்க, நானும் எழுதறேன். யாருக்குத் தப்பு கூடுதல்னு பாப்போம், வாரீங்களா?"

ரஹீனா மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். "வாடி. ஜங்கார் போயிரும்."

கோட்டைக்கொச்சிக்குத் திரும்பும் ஜங்காரில், வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு காயலைக் கடக்கும் அந்தப் படகில், லாரிக்கும் ஆட்டோவுக்கும் நடுவே நின்றுகொண்டு, சுல்ஃபத் பாட்டக் கடுதாசியின் நகலைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு வந்தாள். அதுதான் ரஹீனாவுக்குப் பயமாக இருந்தது.

இந்த வம்பை வீட்டுக்குள் கொண்டுவந்ததே சுல்ஃபத்தான். அவள் குடும்பத்தில் அதுவரை யாரும் பத்தாம் வகுப்பைத் தாண்டியதில்லை. அவள் பி.காம். முடித்துவிட்டு ஊரார் விண்ணப்பங்களைக் கணினியில் ஏற்றிக்கொடுக்கும் கடையில் வேலைக்கு இருந்தாள். ஒருநாள் ஒரு படிவம் வந்தது. பொக்காளி நெல்லுக்கான அரசாங்க உதவி. உப்பு மண்ணிலேயே ஆள் உயரத்துக்கு எழும்பும் நெல் அது. ஆறு மாதம் நெல், ஆறு மாதம் இறால் என்று காலங்காலமாக மாறி மாறி நடந்த வயல்களில் இப்போது பெரும்பாலும் இறால் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது; நெல் அழிந்துபோகாமல் காக்க, விதையும் கொடுத்து, மண் கிளறுகிற கூலியும் கொடுத்து, வரம்போரத்துக் கண்டல் மரங்களை வெட்டாமல் விட்டால் அதற்கும் ஒரு தொகை கொடுக்கிறார்கள். "பெண்கள் கூட்டமாகவும் விண்ணப்பிக்கலாம், பாட்ட நிலமும் போதும்" என்று கடைசிப் பக்கத்தில் இருந்தது. கடைசிப் பக்கத்தை யாரும் படிப்பதில்லை. சுல்ஃபத் படித்தாள்.

மட்டாஞ்சேரி கிடங்குகளில் ரஹீனாவும் சீனியம்மாளும் பாக்கியலக்ஷ்மியும் அவளுடைய நாத்தனார்மார் இருவரும் சுக்கு தரம் பிரிக்கிறவர்கள். சுண்ணாம்புப் பொடியில் நாள் முழுக்கத் தும்மிக்கொண்டே முறத்தில் புடைத்து, முழுசு வேறு, உடைசல் வேறு என்று ஒதுக்குவார்கள். வாரத்தில் ஆறு நாள் இருந்த வேலை மூன்று நாளாகிவிட்டது. போன வருஷம் அறுப்புக்கு ஆள் வேண்டுமென்று யாரோ கூப்பிட, ஐந்து பேரும் வைப்பினுக்குப் போனார்கள். இடுப்பளவு தண்ணீரில் நின்று கதிரை மட்டும் அரிந்து எடுக்கிற வேலை. அட்டை கடிக்கும், தோல் ஊறிப்போகும். ஆனாலும் மூச்சை இழுத்தால் நெஞ்சுக்குள் தூசி போகவில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே ரஹீனாவுக்கு வயல் வேலையின் மேல் ஆசை விழுந்தது.

நிலத்தின் சொந்தக்காரர் ஷார்ஜாவில். "பரிசோதனையில் பாஸானால் வயல் உங்களுக்கு. இல்லையென்றால் சந்தீப்புக்கே வருஷம் முழுக்க எழுதிக்கொடுத்துவிடுவேன், எனக்குத் தலைவலி வேண்டாம்" என்று அவர் போனில் சொல்லிவிட்டார். பாஸாக வேண்டுமென்றால் செவ்வாய் காலை வயலில் தண்ணீர் இருக்கக் கூடாது, வரம்பு அடைந்திருக்க வேண்டும், மண் வேலை தொடங்கியிருக்க வேண்டும். அப்போதுதான் மழை வந்து உப்பைக் கழுவி நெல்லுக்கு வழி விடும். விண்ணப்பத்தில் கூட்டத் தலைவி என்ற இடத்தில் ரஹீனாவின் பெயர் இருந்தது.

இரண்டு ஆபீசில் சுல்ஃபத் புகார் கொடுத்துப் பார்த்தாள். இரண்டிலும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். விஷு லீவு கழிந்து வரச் சொன்னார்கள். விஷு கழிந்தால் பரிசோதனையும் கழிந்துவிடும் என்று இவள் கத்தியதற்கு, "ஒச்ச வெக்கண்டா", சத்தம் போடாதே, என்றார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டில் கப்பையும் மத்திக் கறியும். ஐந்து பெண்களும் கூடிவிட்டார்கள். சுல்ஃபத்தின் அத்தா சிகாபுதீன் கடைவீதியில் சுமை தூக்குகிறவர், நீலச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மூலையில் சாய்ந்திருந்தார்.

"இஞ்சி பொறுக்குறவளுக்கு நெல்லு எதுக்குன்னு அன்னிக்கே கேட்டேன்" என்றார்.

"சுக்கு அத்தா. இஞ்சி இல்ல" என்றாள் சுல்ஃபத்.

"ரெண்டும் ஒண்ணுதான். காஞ்சா சுக்கு."

"அப்ப நீங்களும் சுக்குதான், காஞ்சு போயிட்டீங்க" என்றாள் சீனியம்மாள். ஐம்பத்தெட்டு வயதில் அவளுக்கு யாரிடமும் நாக்கு கூசுவதில்லை. "அண்ணே, நீங்க பேசாம கப்பையைத் தின்னுங்க. பொம்பளைங்க யோசிக்கட்டும்."

யோசித்தார்கள். ஒன்றும் வரவில்லை. பாக்கியலக்ஷ்மிதான் மீன் முள்ளை எடுத்துக்கொண்டே, பெரிய விஷயமாக இல்லாமல், சொன்னாள்:

"முந்தியெல்லாம் விஷு மதியம் எங்கப்பா கலக்குக்குப் போவாரு. சாக்கு நெறைய மீனு கொண்டாருவாரு."

"எதுக்குப் போவாரு?"

"கலக்குக்கு. இறால் வளக்குற கெட்டுல பாட்டம் முடியுற அன்னிக்குப் பாட்டக்காரன் காலையில கடைசி வலை போட்டுருவான். மதியத்துக்கு மேல மிச்சம் கெடக்குற மீனு ஊராருக்கு. யாரு வேணா எறங்கலாம், யாரும் தடுக்க மாட்டாங்க. ஆளுங்க எறங்கிக் கலக்குனா சேறு எழும்பும், மீனு மூச்சு முட்டி மேல வரும். கையால புடிக்கலாம். இப்ப யாரு போறா? பாட்டக்காரங்க ஆளை நிறுத்தி வெரட்டுறாங்க."

சுல்ஃபத் கையைக் கழுவாமலே எழுந்துவிட்டாள். "பாக்கியக்கா, மீன் எல்லாம் போயிட்டா அப்புறம் அவன் தண்ணியை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவான்?"

"கால் கழுவலாம்" என்றாள் சீனியம்மாள்.

"நாலு பேர் போனா வெரட்டுவான். நானூறு பேர் போனா?"

சிகாபுதீன் சிரித்தார். "மட்டாஞ்சேரியில நானூறு பேர் ஒரு காரியத்துக்கு ஒண்ணாப் போனது பிரியாணி கல்யாணத்துக்குத்தான்டி."

அவர் சிரித்து முடிப்பதற்குள் அவள் போனில் பேச ஆரம்பித்திருந்தாள். பாதி தமிழ், பாதி மலையாளம். "மட்டாஞ்சேரிக்காரங்க எல்லாரும் கேக்கணும். விஷு மதியம் பன்னெண்டு மணிக்கு வைப்பின்ல சந்தீப் சேட்டனோட கெட்டுல கலக்கு. பாட்டம் கழிஞ்சு. மீன் எல்லாருக்கும். பைசா வேண்டாம். கலமோ சாக்கோ கொண்டு வந்தா போதும். நீந்தத் தெரியாதவங்களும் வரலாம், தண்ணி இடுப்பு வரைதான்." மூன்று வாட்ஸப் குழுக்களில் போட்டாள். ராத்திரி படுக்கப்போகும் முன், கலூரில் இருக்கிற மாமா மகள் அதே குரல் பதிவை அவளுக்கே அனுப்பி, "இந்தப் பொண்ணு யாருன்னு தெரியுமா? நம்ம ஊரு மாதிரி இருக்கு" என்று கேட்டிருந்தாள்.

விஷு அன்று பதினொன்றரைக்கு ஜங்கார் துறையில் நின்ற கூட்டத்தை சுல்ஃபத் எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டாள். சணல் சாக்கு, பிளாஸ்டிக் சாக்கு, அலுமினியக் குடம், பெயிண்ட் வாளி, கொசுவலை. மிளகுக் கிடங்குக்காரர்கள் இருந்தார்கள். இறால் உரிக்கிற ஷெட்டுப் பெண்கள் இருந்தார்கள். நெற்றியில் சந்தனமும் புது வேட்டியுமாக விஷுச் சாப்பாட்டைப் பாதியில் விட்டு வந்தவர்கள் இருந்தார்கள். வைட்டிலாவிலிருந்து பஸ் பிடித்து வந்த ஒரு குடும்பம் பாயும் தண்ணீர் பாட்டிலும் கொண்டுவந்திருந்தது. டிக்கெட் கொடுக்கிறவர் எட்டிப் பார்த்து, "அக்கரையில் எந்தா, பெருநாளா?" என்று கேட்டார்.

"கலக்கு!" என்று நாற்பது குரல் பதில் சொன்னது.

சிகாபுதீனும் வந்திருந்தார். கூடவே யூனியன்காரர் பன்னிரண்டு பேர். "நெல்லுக்கு வரல. மீனுக்கு வந்தேன்" என்று மனைவியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

வரம்பில் சந்தீப் நான்கு ஆட்களை நிறுத்தியிருந்தான். ஜங்காரின் முதல் நடை ஆட்கள் தெருமுனையில் திரும்பியதும் அந்த நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இரண்டாம் நடை ஆட்கள் வந்தபோது ஒருவன் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான், தானும் இறங்குவதற்கு.

"இது களவாணு, மோஷணமாணு! போலீஸினே விளிக்கும்!" என்று சந்தீப் கத்தினான்.

சுல்ஃபத் பாட்டக் கடுதாசியின் நகலை அவன் மூக்குக்கு நேராக நீட்டினாள். "விளிங்க. பன்னெண்டு மணிக்கு உங்க பாட்டம் தீர்ந்துச்சு. போலீசும் ஒரு வாளி கொண்டு வரட்டும்."

அவளுக்குப் பின்னாலிருந்து யாரோ "ஹூய்!" என்றார்கள். அவ்வளவுதான். முன்னூறு பேர் ஒரே நேரத்தில் தண்ணீரில் விழுந்தார்கள்.

பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரிசையாகக் கை கோத்து நடந்தார்கள், காலால் சேற்றை உழுதபடி. தண்ணீர் சாயா நிறமாகி, பிறகு காப்பி நிறமானது. கரிமீன் மல்லாந்து மேலே வந்தது. திலேப்பியா தாவித் தாவி ஆட்களின் மார்பில் மோதியது. இறால் கண்ணாடிச் சில் மாதிரி நாலாபக்கமும் தெறித்தது. "அல்லாஹ், காலைக் கடிச்சுட்டான்!" "நண்டுடா, விடாதே!" "அது என் கால்டி மூதேவி!" பாக்கியலக்ஷ்மி இடுப்பில் கட்டி மிதக்கவிட்ட குடத்துக்குள் பார்க்காமலே மீனை எறிந்தாள், அப்பாவின் கைப்பழக்கம் அவளுக்குள் எங்கோ இருந்திருக்கிறது. தூரத்தில் விஷுப் பட்டாசு வெடித்துக்கொண்டே இருந்தது. சுல்ஃபத் கழுத்து வரை சேறாகி, எதற்கென்றே தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். கோபத்தையும் இத்தனை சந்தோஷமாகச் செலவழிக்கலாம் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

மூன்று மணிக்குள் வயலில் பிடிக்க ஒன்றும் பெரிதாக மிச்சமில்லை. சந்தீப் நாற்காலியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். மதகுக் காவல்காரர் அப்பு அவன் முகத்தைப் பார்த்தார்.

"எந்து நோக்கான்? துறந்து கள!" என்றான் சந்தீப். பைக்கை உதைத்துக்கொண்டு போனான்.

அப்பு மதகுப் பலகைகளை ஒவ்வொன்றாக உருவினார். வெளியே காயல் இறங்கிக்கொண்டிருந்தது. வயல் தண்ணீர் மதகு வழியே உறுமிக்கொண்டு ஓடியது. ஜனம் கை தட்டியது.

ஆனால் மூன்று ஏக்கர் தண்ணீருக்கு அந்த ஒரு மதகு போதவில்லை. ஐந்து மணிக்கும் முழங்கால் அளவு நின்றது. கரையில் குச்சி நட்டு அளந்துகொண்டிருந்த ரஹீனா, "காலையில கணுக்கால் அளவாவது நிக்கும்டி" என்றாள்.

அந்த நேரத்தில்தான் வடக்கு வரம்பு உடைந்தது. அந்தப் பக்கம் முழுக்கக் கண்டல் மரங்கள் வேரைக் கோத்துப் பிடித்திருந்தன. வண்டி வந்து போக வேண்டுமென்று சந்தீப் ஒரே ஓர் இடத்தில் அவற்றை வெட்டியிருந்தான். மீன் சாக்குகளோடு நூறு பேர் நடந்த பாரம் தாங்காமல் அந்த இடம் சரிந்தது. வயல் தண்ணீர் பாய்ந்து காயலுக்குள் கொட்டியது.

"போகுது! தண்ணி போகுது!" என்று கூட்டம் ஆர்ப்பரித்தது.

சுல்ஃபத் ஓடினாள். குச்சியில் அளவு கண்ணெதிரே இறங்கியது. அவளுக்கு வெறியே பிடித்துவிட்டது. "ஒடைங்க! இன்னும் ஒடைங்க! வழி விடுங்க தண்ணிக்கு!"

சொல்ல வேண்டுமா? காலால் உதைத்தார்கள், கையால் பிய்த்தார்கள், வாளியால் வாரினார்கள். ஓர் ஆள் அகலத்துக்கு இருந்த உடைப்பு ஆறு ஆள் அகலமானது. வயல் தண்ணீர் மொத்தமும் காயலைப் பார்த்து ஓடியது. அப்பு மதகிலிருந்து வேட்டியைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டே வந்தார். பக்கத்தில் வரும் வரை அவர் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை.

"நிறுத்து! எடா, நிறுத்தெடா! மோளே, நீ படிச்சவளல்லே? ஏழு மணிக்குக் காயல் திரும்பும். போற வழிதன்னே வர வழி! ராத்திரிக்கு முழு வெள்ளமும் உள்ளில வரும்!"

சுல்ஃபத் காயலைத் திரும்பிப் பார்த்தாள். தினமும் இரண்டு வேளை கடல் ஏறி இறங்குகிற ஊரில் பிறந்தவள். விருச்சிக மாதத்தில் வீட்டுச் சாக்கடை வழியாகவே கடல் உள்ளே வருகிறதைப் பார்த்து வளர்ந்தவள். பாட்டக் கடுதாசியில் கடைசி வரி வரை படித்தவளுக்கு இது தோன்றவில்லை. யாரையாவது திட்டலாமென்று பார்த்தாள். திட்டுவதற்கு அவளைத் தவிர ஆளில்லை.

"இப்ப மணி என்ன?" என்று ரஹீனா கேட்டாள்.

"அஞ்சே கால்" என்றார் அப்பு.

"நம்ம வீட்டு வாசல்ல தண்ணி ஏறுனா என்னடி பண்ணுவோம்?"

சீனியம்மாள்தான் சொன்னாள். "சாக்கு."

ரஹீனா தன் சாக்கை அவிழ்த்தாள். எட்டுக் கிலோவுக்குக் குறையாது, கரிமீன், இறால். உடைப்பின் ஓரத்தில் நின்று அப்படியே கவிழ்த்தாள். மீன் வெள்ளத்தோடு காயலுக்குப் போனது. முன்னூறு பேரும் "அய்யோ!" என்றார்கள்.

"மண்ணு போடுங்க இதுல" என்று வெறும் சாக்கை நீட்டினாள். இறால் உரிக்கும் பெண் ஒருத்தி குனிந்து இரண்டு கையால் சேற்றை அள்ளிப் போட்டாள்.

சீனியம்மாள் தன் சாக்கைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், சந்தீப்பின் மூன்று தலைமுறையையும் பெயர் சொல்லித் திட்டினாள், கவிழ்த்தாள். பாக்கியலக்ஷ்மி கொசுவலையில் மீனைக் கட்டிக்கொண்டு சாக்கைத் தந்தாள். மற்றவர்கள் அசையவில்லை. வெயிலில் மூன்று மணி நேரம் தேடிப் பிடித்த மீன் அது. ஊரான் வரம்புக்கு யார் கொடுப்பார்?

சிகாபுதீன் தோளில் சாக்கோடு நின்றார். ரஹீனா அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவள் முழங்கால் சேற்றில் நின்று முதல் சாக்கை இழுக்கப் பார்த்தாள். இழுக்க முடியவில்லை. வழுக்கி உட்கார்ந்தாள். மறுபடி எழுந்து அதையே பிடித்தாள்.

"அப்படிப் பிடிச்சா வருமா? காதைப் பிடிடி, காதை!" என்று கத்திக்கொண்டே சிகாபுதீன் தன் சாக்கைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டு இறங்கினார். "டேய் வெங்கிடேஷ்! என்னடா வாயைப் பாக்குற? எறங்குங்கடா எல்லாரும்!"

"எறங்கலாம் பாய். கூலி?" என்றான் யூனியன்காரன் வெங்கிடேஷ்.

"இன்னிக்கு விஷுடா. நீ எனக்குக் குடுக்குற விஷுக் கைநீட்டம்னு வச்சுக்கோ!"

பன்னிரண்டு நீலச் சட்டைகள் தண்ணீரில் குதித்தன. அதற்குப் பிறகு யாரும் யோசிக்கவில்லை. மீன் குடத்துக்குள் போனது, மடிக்குள் போனது, ஹெல்மெட்டுக்குள் போனது, வைட்டிலாக் குடும்பத்தின் பாய்க்குள் போனது. வெறும் சாக்குகள் தலைக்கு மேலே பறந்து வந்தன. பெண்கள் நிரப்பினார்கள். சுக்குக் கிடங்கின் ஐந்து பெண்களும் வாயை முறுக்கித் தென்னோலை ஈர்க்கால் கட்டினார்கள். அவர்கள் முடிச்சு அவிழாது, வாழ்நாள் முழுக்கக் கட்டிய முடிச்சு. வரிசையாக நின்ற ஆட்கள் கை மாற்றிக் கை மாற்றிக் கொடுத்தார்கள். உடைப்பில் சிகாபுதீன் நின்று, கிடங்கில் அட்டி போடுகிற மாதிரியே போட்டார், நீளவாக்கில் இரண்டு, குறுக்கே ஒன்று, மறுபடி நீளவாக்கில் இரண்டு.

"ஏத்திக்கோ!"

"எடுத்துக்கோ!"

"இது சுக்கு மூட்டை இல்லடா, கனம் பாத்துப் பிடி!"

"பாய், உங்க வயித்தை வச்சு அடைச்சாலே போதுமே, சாக்கு எதுக்கு?"

"உன் வாயை வச்சு அடைக்கலாம், அது இன்னும் பெரிசு!"

சுல்ஃபத் உடைப்பின் ஓரத்தில் குனிந்தாள். சேறு அள்ளினாள். நகம் பிய்ந்தது. அள்ளினாள். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். வாங்கிக் குடித்துவிட்டு அள்ளினாள். நடுவில் கடைசிச் சாக்கு உட்காரும் வரை உடைப்பு வழியே தண்ணீர் வெளியே போய்க்கொண்டேதான் இருந்தது; அதனால் வயலும் வற்றிக்கொண்டே வந்தது. அப்பு அதைக் கவனித்து, "நடுவில மாத்திரம் பொறுமை, நடுவில மாத்திரம் பொறுமை. வெள்ளம் போகட்டே" என்று ஒரு பாட்டு மாதிரி சொல்லிக்கொண்டு நின்றார். உடைத்த முட்டாள்தனத்தின் லாபத்தைக் கடைசித் துளி வரை வாங்கிக்கொண்டுதான் அடைக்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

ஆறே முக்காலுக்குச் சாக்குகளின் சந்திலும் சேறு பூசி முடித்தார்கள். அப்பு மதகுப் பலகைகளையும் திரும்பச் செருகினார். எல்லாரும் வரம்பில் ஏறி நின்று காயலைப் பார்த்தார்கள். யாருடைய முற்றத்திலிருந்தோ வந்த கொன்றைப்பூ ஒன்று வெளியே மிதந்து போய்க்கொண்டிருந்தது. மெதுவாயிற்று. நின்றது. பிறகு வந்த வழியே திரும்பி, சாக்கு வரிசையில் வந்து முட்டியது.

"திரும்பியாச்சு" என்றார் அப்பு.

தண்ணீர் ஒரு சாக்கு உயரம் ஏறியது. இரண்டு சாக்கு. எந்தச் சந்திலும் கசியவில்லை. முன்னூறு பேரும் மூச்சை விட்டார்கள். வைட்டிலாக்காரர் பாயை விரித்து, மீனை எண்ணாமல் ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு வைக்க ஆரம்பித்தார், சாக்கைக் கவிழ்த்தவர்களுக்கு முதலில்.

வெங்கிடேஷும் இன்னும் மூன்று பேரும் வரம்புக்குக் காவலாகத் தங்கினார்கள். மற்றவர்கள் ஊர் திரும்பினார்கள். ஜங்காரில் ரஹீனா மகளின் விரல்களைத் தன் தலையில் போட்டிருந்த தட்டத்தால் துடைத்தாள்.

"திட்டும்மா" என்றாள் சுல்ஃபத்.

"எதுக்கு? நீ ஒடைக்கலேன்னா முழங்கால் தண்ணி இப்பவும் நிக்கும்." சுண்டு விரலையும் துடைத்துவிட்டு, "ஆனா நாளைக்கு ஆபீசர்கிட்ட நான் பேசறேன். நீ வாயைத் தொறக்காதே" என்றாள்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலை, முதல் ஜங்காரிலேயே போய்விட்டார்கள். வெங்கிடேஷ் கொட்டாவி விட்டுக்கொண்டே, "ஒரு சொட்டு உள்ள வரல அக்கா. ராத்திரி கடல் வந்து தட்டிப் பாத்துட்டுப் போச்சு" என்றான். வயல் கறுப்பாக, பளபளவென்று, முழுக்கக் கால்தடமாகக் கிடந்தது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஐந்து பேரும் இறங்கி மண்ணைக் கொத்திக் குவியல் குவியலாக ஏற்றத் தொடங்கினார்கள். மழை பெய்தால் உப்பு இறங்க வேண்டும், குவியலின் தலையில் விதை விழ வேண்டும். ஒன்பதரைக்குப் பதினேழு குவியல் எழும்பியிருந்தது.

ஆபீசர் இளைஞர். ஹரிஷங்கர் என்று பெயர் எழுதிய அட்டை கழுத்தில். தேய்த்த சட்டை, வெள்ளை ஷூ, கையில் டேப்லெட். அவர் பின்னாலேயே சந்தீப்பும் வந்தான்.

"சாரே, வெள்ளம் கெடக்குண்டு. நோக்கு, மின்னுன்னது" என்று சந்தீப் வயலைக் காட்டினான்.

வெயிலில் ஈரச்சேறு தண்ணீர் போலத்தான் மின்னியது. ஹரிஷங்கர் நெற்றியைச் சுருக்கினார். சுல்ஃபத் வாயைத் திறந்தாள். ரஹீனா அவள் காலை மிதித்தாள்.

"எறங்கி நோக்கணும் சார்" என்றாள் ரஹீனா, மலையாளத்தில், மரியாதையாக.

அவருக்கும் இறங்காமல் முடியாது. நிலத்தின் எல்லைக்குள் நின்றால்தான் டேப்லெட்டின் செயலி படத்தை ஏற்கும். வரம்பிலிருந்து படம் எடுத்துப் பார்த்தார், ஏற்கவில்லை. பெருமூச்சு விட்டு ஒரு காலை எடுத்து வைத்தார். இரண்டாம் காலையும் வைத்தார். முழங்கால் வரை புதைந்தார்.

சீனியம்மாள் பாக்கியலக்ஷ்மியின் காதில், ஊருக்கே கேட்கும்படி, தமிழில் சொன்னாள்: "பாருடி, வெள்ளைக் கொக்கு வசமா மாட்டிக்கிச்சு."

ஹரிஷங்கர் திரும்பினார். "கொக்குன்னா பறந்துருக்குமே, மாமி. நான் பாலக்காட்டுக்காரனாக்கும்."

சீனியம்மாள் வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டாள். ரஹீனாவுக்குத்தான் சிரிப்பை அடக்க முடியவில்லை. "மன்னிச்சுக்கோங்க தம்பி. அவளுக்கு வாய் மட்டும் கொஞ்சம் நீளம்."

"இருக்கட்டும். தண்ணி இல்லை, சேறுதான். அதை என் காலே சொல்றது." அவர் படம் எடுத்தார். குவியல்களை எண்ணினார். வடக்குப் பக்கம் கையை நீட்டி, "அங்கே சாக்கு அடுக்கியிருக்கே, அது யார் போட்டது? எஞ்சினியரா?" என்றார்.

"சுமட்டுக்காரங்க."

"கண்டல் அங்கே மட்டும் இல்லையே?"

சுல்ஃபத்தால் அதற்கு மேல் முடியவில்லை. "இவர் வெட்டுனாரு" என்று சந்தீப்பைக் காட்டினாள். சந்தீப் பைக்கைத் தேடிப் போனான்.

"அப்போ அங்கே புதுசா நடணும். எழுதிக்கறேன், அதுக்கும் உதவி உண்டு." திரையில் தட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தட்டினார். "விரல்ல சேறு. கையெழுத்து எடுக்க மாட்டேங்கறது. முதல்ல என்னை வெளியில இழுங்கோ, கரையில போய்ப் போடறேன்."

"கரையில நின்னா இது எடுக்காதுன்னு இப்பத்தானே பாத்தோம்" என்றாள் ரஹீனா. அவள் சேற்றில் நடந்து அவரிடம் போனாள். தட்டத்தின் உலர்ந்த நுனியால் அவருடைய ஆள்காட்டி விரலைத் துடைத்தாள், நகக்கண் வரைக்கும், அவசரமே இல்லாமல். "இப்பப் போடுங்க தம்பி."

அவர் போட்டார். திரை பச்சையாக மாறியது. கரையில் சுல்ஃபத் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கத்திய கத்தலில் காயலோரத்து நாரைகள் மொத்தமும் எழும்பிப் பறந்தன.

ஐந்து பெண்களும் சேர்ந்து இழுத்தார்கள். ஹரிஷங்கர் வெளியே வந்தார். வலது கால் ஷூவோடு, இடது கால் வெறுங்காலாக. புதைந்த குழியைச் சேறு வந்து மூடிக்கொண்டது. அவர் அந்த இடத்தைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அது கெடக்கட்டும் சார்" என்றாள் சீனியம்மாள். "ஐப்பசியில அறுப்பு. அப்ப வந்து எடுத்துக்கிடுங்க."